வருஷா வருஷம் "கேஸ் தீர்ந்துபோச்சு" என்கிறார்கள், ஏசியை மாற்றிவிடலாமா?

திருவான்மியூரில் மேல்தள வீடு. 130 சதுர அடி படுக்கையறை. 2016-இல் வாங்கிய ஒன்றரை டன் 3 ஸ்டார் ஸ்ப்ளிட் ஏசி. மூன்று வருஷமாக மார்ச் பிறந்ததும் கூலிங் குறைகிறது, மெக்கானிக் வந்து "கேஸ் தீர்ந்துபோச்சு சார்" என்று நிரப்பிவிட்டுப் போகிறார், இந்த வருஷமும் அதே கதை. இதைத் தூக்கிப் போட்டுவிட்டு 5 ஸ்டார் இன்வெர்ட்டர் ஏசி (தேவைக்கேற்பக் கம்ப்ரஸர் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ரகம்) வாங்கினால் கரண்ட் பில்லில் போட்ட காசு திரும்பி வருமா, வாங்குவதுதான் வாங்குகிறோம், 2 டன்னாக வாங்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று இருக்கிறது: கேஸ் எங்கே போகிறது? அதற்குப் பதில் தெரியாமல் மற்ற இரண்டுக்கும் பதில் சொன்னால் அது குருட்டாம்போக்கு.

ஐடிஐ-யில் ஏசி மெக்கானிக் படிப்பு முடித்து 22 வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். பாதி வேலை அடையாறு முதல் நீலாங்கரை வரையுள்ள கடலோர வீடுகளில்தான். அதனால் உங்கள் ஏரியாவின் நோய்கள் எனக்குப் பழக்கம். ஆனாலும் நேரில் பார்க்காமல் "உங்கள் காயிலில்தான் (கேஸ் ஓடும் குழாய்ச்சுருளில்தான்) ஓட்டை" என்று சொல்ல மாட்டேன். எதை எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயம், இதில் சந்தேகத்துக்கே இடமில்லை. ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீருவதில்லை. மூடிய குழாய்க்குள் திரவமாகி, ஆவியாகி, மறுபடி திரவமாகிச் சுற்றிக்கொண்டே இருக்கும். உங்கள் வீட்டு ஃபிரிட்ஜைப் பாருங்கள். பத்து, பதினைந்து வருஷமாக ஓடியிருக்கும், யாராவது வருஷா வருஷம் வந்து கேஸ் நிரப்பினார்களா? ஃபிரிட்ஜில் எல்லா இணைப்பும் தொழிற்சாலையிலேயே பற்றவைத்து மூடியது. ஸ்ப்ளிட் ஏசியில் இன்டோருக்கு இரண்டு, அவுட்டோருக்கு இரண்டு என்று நான்கு ஃபிளேர் நட்டுகளை (குழாயின் விரித்த வாயை இறுக்கிப் பிடிக்கும் நட்டுகள்) உங்கள் வீட்டில் வைத்து ஒருவர் ஸ்பானரால் முறுக்கியிருக்கிறார். கசிய வழி இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் "தீர்ந்துபோச்சு" என்ற வார்த்தை தப்பு. குறைந்திருந்தால் அது எங்கோ ஓட்டை வழியாக வெளியே போயிருக்கிறது. ஓட்டையை அடைக்காமல் நிரப்புவது பஞ்சரான டியூபுக்குக் காற்றடிக்கிற வேலை. இதில் சுற்றுச்சூழல் கணக்கும் உண்டு. ஆர்410ஏ என்ற ஏசி கேஸ் ஒரு கிலோ காற்றில் கலந்தால், புவி வெப்பமாதலைப் பொறுத்தவரை அது சுமார் 2 டன் கரியமில வாயுவுக்குச் சமம்.

அடுத்தது, உண்மையிலேயே கேஸ் குறைந்திருக்கிறதா? இங்கேதான் பாதிப் பேர் ஏமாறுகிறார்கள். பல நேரம் மெக்கானிக்கும் சேர்ந்து ஏமாறுகிறார், திட்டமிட்டு ஏமாற்றுகிறார் என்று சொல்ல மாட்டேன். விஷயம் இதுதான். இன்டோர் காயிலில் அழுக்கு படிந்தால் அதன் வழியாகக் காற்று போகாது. காற்று போகாவிட்டால் உள்ளே கேஸ் சரியாக ஆவியாகாது. அந்த நேரத்தில் கேஜை, அதாவது பிரஷர் அளக்கும் கருவியை, மாட்டினால் பிரஷர் குறைவாகக் காட்டும். ஆர்22 என்ற பழைய வகைக் கேஸுக்கு 60, 70 பிஎஸ்ஐ (பிரஷரின் அலகு) இருக்க வேண்டிய இடத்தில் 50 காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வந்தவர் "கேஸ் கம்மி" என்று நிரப்புவார். முள் ஏறும், அவருக்கும் திருப்தி, உங்களுக்கும் திருப்தி. உண்மையில் சரியான அளவுக்கு மேல் கேஸை ஏற்றிவிட்டார், கம்ப்ரஸர் கூடுதல் பாரத்தை இழுக்கிறது. அதனால்தான் என்னிடம் வேலை கற்கிற பையன்களுக்கு நான் சொல்லும் முதல் விதி: காயிலைக் கழுவாமல் கேஜை வெளியே எடுக்காதே.

நீங்களே செய்யக்கூடிய பரிசோதனை ஒன்று இருக்கிறது. சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்குங்கள். ஃபில்டரைக் கழுவி மாட்டி, ஏசியை 18-இல் வைத்து, ஃபேன் வேகத்தை முழுதாக வைத்து இருபது நிமிஷம் ஓட விடுங்கள். இன்டோரின் மேலே காற்று உள்ளே போகிற இடத்தில் ஒரு அளவு, கீழே காற்று வெளியே வருகிற இடத்தில் ஒரு அளவு. இரண்டுக்கும் 8 முதல் 12 டிகிரி வித்தியாசம் இருந்தால் இயந்திரம் பொதுவாக நன்றாகத்தான் இருக்கிறது. அறை குளிரவில்லை என்றால் குறை வேறெங்கோ இருக்கிறது. மழைக்கால ஈரக்காற்றில் இந்த வித்தியாசம் கொஞ்சம் குறைவது சகஜம், அதற்காகப் பயப்படாதீர்கள். வித்தியாசம் 4, 5 டிகிரிதான் என்றால் அவுட்டோர் பக்கம் போய்ப் பாருங்கள். இரண்டு செப்புக் குழாய்களில் மெல்லிய குழாயின் வால்வில் பனி பூத்திருந்தால் கேஸ் குறைவு என்று சந்தேகப்படலாம். தடித்த குழாயும் இன்டோர் காயிலும் முழுக்கப் பனிக்கட்டியாக இருந்தால் அழுக்கோ ஃபேன் கோளாறோ முதல் சந்தேகம். அவுட்டோர் ஃபேன் சுற்றுகிறது, ஆனால் கம்ப்ரஸர் ஒரு முனகலோடு நின்று நின்று போகிறது என்றால் கம்ப்ரஸரைக் கிளப்ப உதவும் கெப்பாசிட்டரைச் சோதிக்கச் சொல்லுங்கள். சில நூறு ரூபாய்ச் சாமான் அது. அதைப் பார்க்காமல் "கம்ப்ரஸர் போச்சு" என்று சொல்லப்பட்ட ஏசிகளை நான் கணக்கில்லாமல் பார்த்துவிட்டேன். கெப்பாசிட்டரை மட்டும் நீங்களே தொட வேண்டாம், மெயினை அணைத்த பிறகும் அதில் மின்சாரம் தங்கியிருக்கும்.

சரி, கசிவுதான் என்று உறுதியானால் எங்கே தேடுவது? கேஸோடு கொஞ்சம் கம்ப்ரஸர் எண்ணெயும் சுற்றுகிறது. கேஸ் கசியும் இடத்தில் எண்ணெயும் கசியும், அதில் தூசி ஒட்டிக் கறுப்பாக ஒரு வளையம் கட்டும். அவுட்டோர் வால்வுகளைச் சுற்றி டார்ச் அடித்துப் பாருங்கள், தோசைக்கல் விளிம்பில் படிகிற பிசுக்கு மாதிரி இருந்தால் பெரும்பாலும் குற்றவாளி அங்கேதான். இதுதான் நல்ல செய்தி. அந்த முனையை வெட்டிவிட்டுப் புதிதாக ஃபிளேர் பண்ணி முறுக்கினால் வேலை முடிந்தது. உங்கள் ஏசி இன்னும் சில வருஷம் ஓடும்.

கெட்ட செய்தி இன்டோர் காயிலில் ஓட்டை. இது கடற்கரையோரத்திலும், கூவம், பக்கிங்காம் கால்வாய் மாதிரி சாக்கடை ஓடும் இடங்களின் ஓரத்திலும் நான் அதிகம் பார்ப்பது. சாக்கடையிலிருந்து எழும் ஹைட்ரஜன் சல்ஃபைடு செம்பைக் கறுக்க வைத்து அரிக்கும். இன்னொரு அரிப்பு இன்னும் சூட்சுமமானது. வீட்டுக்குள் பயன்படுத்தும் சில துப்புரவுத் திரவங்கள், பசைகள், பிளைவுட் இவற்றிலிருந்து வரும் லேசான அமில ஆவி, காயிலில் எப்போதும் இருக்கும் ஈரத்தோடு சேர்ந்து செம்புக்குள் கிளை கிளையாகத் துளை போடும். குறுக்கே வெட்டிப் பெரிதாக்கிப் பார்த்தால் எறும்புப் புற்று மாதிரி இருக்கும். வெளியே பார்த்தால் கண்ணுக்கே தெரியாது. போன வருஷம் ஒரு காயிலைக் கழற்றி, நைட்ரஜன் ஏற்றி, துணி துவைக்கிற பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீருக்குள் மூழ்க வைத்து உட்கார்ந்திருந்தோம். பத்து நிமிஷம் ஒன்றுமே இல்லை. அப்புறம் ஒரு வளைவின் அடியிலிருந்து கடுகளவு குமிழி ஒன்று மெல்லப் பெரிதாகி மேலே வந்தது. அடுத்தது வர இரண்டு நிமிஷம் ஆனது. அந்த வேகத்தில்தான் ஒரு கோடை கேஸ் அடுத்த கோடைக்குள் காலியாகியிருந்தது. சோப்பு நுரையைத் தடவிப் பார்த்த மூன்று பேர் "லீக்கே இல்லை" என்று சொல்லிவிட்டுப் போனதில் ஆச்சரியமில்லை. அப்படிப்பட்ட காயிலில் ஒரு துளையைப் பற்றவைத்தால் ஆறு மாதத்தில் பக்கத்தில் இன்னொன்று திறக்கும்.

எனவே இந்த முறை கேஸ் நிரப்பச் சம்மதிக்கும் முன் கசிவுச் சோதனை கேளுங்கள். மீதமிருக்கும் கேஸைக் காலி சிலிண்டரில் இழுத்துப் பிடித்துவிட்டு, நைட்ரஜன் ஏற்றி, சில மணி நேரம், முடிந்தால் ஒரு இரவு விட்டு கேஜ் முள் இறங்குகிறதா என்று பார்ப்பது முறை. நைட்ரஜன் சிலிண்டர் கொண்டுவரவில்லை, ஆக்சிஜன் இருக்கிறது, அதிலேயே பார்த்துவிடலாம் என்று யாராவது சொன்னால் அந்த நிமிஷமே வெளியே அனுப்பிவிடுங்கள். அழுத்தத்தில் இருக்கும் ஆக்சிஜனும் கம்ப்ரஸர் எண்ணெயும் சேர்ந்தால் வெடிக்கும், இதில் மிகைப்படுத்தல் ஒன்றுமில்லை. அப்புறம், அவுட்டோர் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் பெயர்ப்பலகையில் என்ன கேஸ், எத்தனை கிராம் என்று இருக்கும். உங்களுடைய 2016 மாடலில் ஆர்22-ஆகவும் இருக்கலாம், ஆர்410ஏ-ஆகவும் இருக்கலாம். எதுவானாலும் அதே கேஸைத் தராசில் எடை போட்டு ஏற்ற வேண்டும். ஆர்22 ஓசோன் படலத்தைக் கெடுப்பது என்பதால் இந்தியாவில் 2025 முதல் புது இயந்திரங்களில் அதைப் போட்டுத் தயாரிக்கக் கூடாது. பழைய ஏசிகளுக்குச் சர்வீஸ் செய்யக் கிடைக்கிறது. "அதற்குப் பதில் வேறொன்று மலிவாக இருக்கிறது" என்று புரொப்பேன் கலந்த கேஸை ஏற்றுகிறவர்கள் உண்டு. குளிரும், மறுக்கவில்லை. ஆனால் அது சமையல் சிலிண்டரில் இருப்பதன் பங்காளி, உங்கள் பழைய ஏசியின் சுவிட்சுகள் தீப்பற்றும் கேஸுக்காகச் செய்யப்பட்டவை அல்ல.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். கசிவு ஃபிளேர் நட்டில் என்றால் சரிசெய்து ஓட்டுங்கள். காயிலில் என்றால், இவ்வளவு பழைய ஏசிக்குக் காயில் மாற்றிக் கேஸும் நிரப்பும் செலவு புது ஏசி விலையில் கால்பங்கைத் தாண்டினால் மாற்றிவிடுவதே மேல். இந்தக் கால்பங்கு என் கைக்கணக்கு, எந்தப் புத்தகத்திலும் இல்லை. கம்ப்ரஸரே போய்விட்டது என்றால் யோசிக்கவே வேண்டாம்.

ஆனால் கரண்ட் மிச்சத்தை மட்டும் நம்பி மாற்றினால் காசு திரும்புமா? இங்கே கடைக்காரர் சொல்வதும் நான் சொல்வதும் வேறுபடும். புது ஏசியின் ஸ்டார் லேபிளில் வருஷத்துக்கு 1600 மணி நேரம் ஓடினால் எத்தனை யூனிட் என்று அச்சிட்டிருப்பார்கள். 2022 ஜூலையில் வந்த அட்டவணைப்படி 5 ஸ்டார் வாங்க ஐசீர் என்ற அளவு (எடுக்கும் கரண்டுக்கு எவ்வளவு குளிர்ச்சி தருகிறது என்ற கணக்கு) குறைந்தது 5 இருக்க வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட ஒன்றரை டன் ஏசி சுமார் 750 யூனிட் எடுக்கும். உங்கள் பழைய 3 ஸ்டார், அதே குளிர்ச்சிக்கு ஏறத்தாழ 1200 என்று வைத்துக்கொள்ளலாம். இது துல்லியமான ஒப்பீடு இல்லை, ஏனென்றால் 2018-க்கு முன் ஸ்டார் கொடுத்த அளவுகோலே வேறு. ஆனாலும் கணக்குப் போட உதவும். வருஷம் 450 யூனிட் மிச்சம், யூனிட்டுக்கு 8 ரூபாய் என்றால் 3600 ரூபாய். ஏசியும் பொருத்துகிற செலவும் 45,000 ஆனால் காசு திரும்ப 12 வருஷத்துக்கு மேல் ஆகும். நீங்கள் மார்ச் முதல் ஜூன் வரை ராத்திரி எட்டு மணி நேரம் மட்டும் போடுகிறவர் என்றால் 1000 மணி நேரம்கூட வராது, அப்போது 20 வருஷம். அவ்வளவு நாள் ஏசியே இருக்காது. மாறாக வீட்டிலிருந்தே வேலை, பகலும் இரவும் ஓடுகிறது, வருஷம் 3000 மணி நேரம் என்றால் ஆறேழு வருஷத்தில் திரும்பிவிடும். நம் ஊரில் இரண்டு மாதத்துக்கு ஒரு பில். 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ் அடுக்குகளில் கிடைக்கும் சலுகையும் குறைகிறது. அந்தக் கோட்டுக்கு அருகில் இருக்கிறவர்களுக்கு லாபம் இன்னும் கொஞ்சம் கூடும். பழைய பில்களை எடுத்து வைத்து, ஏசி போடாத ஜனவரியையும் மே மாதத்தையும் ஒப்பிட்டு, உங்கள் ஏசி எடுக்கும் யூனிட்டை நீங்களே கண்டுபிடியுங்கள். என் கணக்கைவிட அதுதான் நம்பத் தகுந்தது.

2 டன் வேண்டாம். டன் என்பது ஏசியின் எடை என்று இன்னும் பலர் நினைக்கிறார்கள். அது பனிக்கட்டிக் கணக்கு. ஒரு டன் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு சூட்டை உறிஞ்சுமோ அந்த வேகம், மணிக்கு 12,000 பிடியு (சூட்டை அளக்கும் அலகு). (மெரினாவில் இன்று விவேகானந்தர் இல்லமாக இருக்கும் கட்டடம் 1842-இல் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியை வைக்கக் கட்டியது. சென்னை டன் கணக்கில் குளிர்ச்சி வாங்கியது ஒன்றும் புதிதில்லை.) 130 சதுர அடிக்கு, மேல்தளமாக இருந்தாலும், ஒன்றரை டன் தாராளம். பெரிய ஏசி அறையைச் சட்டென்று குளிர்வித்துவிட்டு ஓய்ந்துவிடும், காற்றிலிருக்கும் ஈரத்தை வாங்க நேரம் இருக்காது. கடற்கரைக் காற்றில் உடம்பு பிசுபிசுப்பது வெப்பத்தைவிட ஈரத்தால்தான். குளிருகிறது, ஆனால் சொதசொதவென்று இருக்கிறது என்று சொல்லும் அறைகளில் ஏசி பெரும்பாலும் அளவுக்கு மீறியதாக இருக்கும்.

மேல்தளம் என்று நீங்கள் போகிறபோக்கில் எழுதியதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பகல் முழுக்க வெயில் வாங்கிய கான்கிரீட் தளம் ராத்திரி பத்து, பதினோரு மணி வரை சூட்டை அறைக்குள் இறக்கிக்கொண்டே இருக்கும். ராத்திரி ஒன்பது மணிக்கு ஸ்டூலில் ஏறி உட்கூரையில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். சுட்டால் உங்கள் ஏசி படுக்கையறையை அல்ல, மொட்டைமாடியைக் குளிர்வித்துக்கொண்டிருக்கிறது. பழைய சென்னை வீடுகளில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டு மேலே தட்டோடு என்ற தட்டையான ஓட்டைப் பதித்தது சும்மா இல்லை. உங்கள் மாடியில் அது இல்லையென்றால், வெயிலைத் திருப்பியடிக்கும் வெள்ளைப் பூச்சு அடித்தாலே வித்தியாசம் தெரியும். 5 ஸ்டாருக்கும் 3 ஸ்டாருக்கும் உள்ள விலை வித்தியாசத்தில் அந்த அறைக்கு மேலே இருக்கும் பகுதிக்குப் பூசிவிடலாம். எத்தனை டிகிரி குறையும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன், தளத்தின் தடிமனையும் பூச்சு எவ்வளவு அழுக்காகிறது என்பதையும் பொறுத்தது அது. அதோடு சீலிங் ஃபேனையும் ஓட விட்டு ஏசியை 26-இல் வையுங்கள். ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்று மத்திய அரசின் ஆற்றல் சிக்கன அமைப்பான பிஇஇ சொல்கிறது. 2020-இலிருந்து புது ஏசிகள் ஆன் செய்ததும் 24 டிகிரியில் தொடங்கும்படி விதித்ததும் அதனால்தான்.

இன்வெர்ட்டர் வாங்குவதாக முடிவெடுத்தால் ஒன்றை மனதில் வையுங்கள். பழைய ஏசியில் கெப்பாசிட்டர் இருந்த இடத்தில் இப்போது விலை உயர்ந்த பிசிபி, அதாவது எலக்ட்ரானிக் சர்க்யூட் போர்டு, இருக்கும். உங்கள் பக்கத்தில் அதற்கு எதிரிகள் உப்புக்காற்று, மின்னழுத்த ஏற்ற இறக்கம், அப்புறம் பல்லி. சிரிக்காதீர்கள், அவுட்டோர் பிசிபியில் கருகிக் கிடந்த பல்லியை எத்தனையோ தடவை எடுத்திருக்கிறேன். பிசிபிக்கு எத்தனை வருஷ உத்தரவாதம் என்று கேட்டு வாங்குங்கள், கம்ப்ரஸருக்குப் பத்து வருஷம் என்பதை மட்டும் பார்த்து மயங்காதீர்கள். முழுச் செப்புக் காயில், மேலே அரிப்புத் தடுப்புப் பூச்சு உள்ளதாகப் பாருங்கள். அவுட்டோரை பால்கனிக் கம்பிக்குள் நெருக்கி, முன்னால் துணி காயப்போடும் இடமாக்கி வைத்தால் வெளியே தள்ளிய சூட்டையே திரும்ப இழுக்கும், எந்த ஸ்டாரும் காப்பாற்றாது.

பராமரிப்பில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குழாய்த் தண்ணீரில் கழுவுங்கள். கோடைக்கு முன்னும் மழைக்குப் பின்னும் தண்ணீர் அடித்துச் செய்யும் முழுச் சர்வீஸ். கடலோரம் என்பதால் மெயினை அணைத்துவிட்டு மாதம் ஒருமுறை அவுட்டோர் காயில்மீது சாதாரணத் தண்ணீரை மென்மையாக ஊற்றி உப்பைக் கழுவிவிடுங்கள், இதைச் செய்கிற வீடுகளில் காயில் கூடுதல் வருஷம் நிற்பதைக் கண்ணால் பார்க்கிறேன். ஆசிட் கலந்த திரவத்தால் "பளபள" என்று கழுவித் தருகிறேன் என்பவரை மட்டும் அனுமதிக்காதீர்கள்.

புது ஏசி பொருத்துகிற அன்று ஆபீஸுக்கு லீவு போட்டுப் பக்கத்தில் நில்லுங்கள். சுவருக்குள் இருக்கும் பழைய செப்புக் குழாயையே பயன்படுத்தலாம் என்பார்கள். ஆர்22 ஓடிய குழாயில் பழைய எண்ணெய் இருக்கும், புது ஏசியின் எண்ணெய் வேறு வகை. செலவானாலும் புதுக் குழாய் போடுங்கள். அப்புறம் வேக்குவம் பம்ப். குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்ப் வைத்து இழுத்த பிறகுதான் கேஸைத் திறந்துவிட வேண்டும். அவசரக்காரர்கள் பம்பைப் பையிலிருந்து எடுக்காமலே, வால்வைக் கொஞ்சம் திறந்து புதுக் கேஸையே பீய்ச்சிக் காற்றைத் துரத்திவிட்டு ஐந்து நிமிஷத்தில் கிளம்புவார்கள். பம்ப் ஓடட்டும், அரை மணி நேரம் ஆகும், அதற்குள் அவருக்கு ஒரு காபி போட்டுக் கொடுங்கள். பம்பை நிறுத்திய பிறகும் பத்து நிமிஷம் முள் அசையாமல் நிற்கிறதா என்று அவரோடு சேர்ந்து நீங்களும் பாருங்கள். நின்றால் நான்கு நட்டும் பிடித்திருக்கிறது, அவர் தைரியமாகக் கேஸைத் திறக்கலாம்.